கூடாரத்துக்குப் போட்ட வரப்பு

கோபக்கார மாப்பிள்ளைக்கு,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதால் மலைமேல் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். முட்டி வலி என்று நாளைக்கே இறங்கும் ரெமிஜியஸ் இதை உன் கையில் கொடுப்பான்.

நீ வராததால் நாலு பேர் கூடாரத்தில் மூன்று பேர்தான் படுக்கிறோம். உன் இடத்தில் குணசேகரனின் தொந்தி படுக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நம் கை சும்மா இருக்குமா? கூடாரத்தைச் சுற்றி அரை முழ உயரத்துக்கு வரப்புப் போட்டேன், சொட்டுக் கசியாது. மேட்டிலிருந்து வந்த வெள்ளம் வரப்பைத் தாண்டி உள்ளே குதித்தது. வெளியே போகத்தான் வழியில்லை. பாய், செருப்பு, அரிசிப் பை எல்லாம் மிதந்தன.

வழிகாட்டியாக வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி ஓடுறதுக்கு வழி வெட்டணுங்க. நீங்க தேக்கி வச்சிருக்கீங்களே."

"நாத்து இருந்தா நட்டுடலாம்," என்றான் ரெமிஜியஸ்.

குணசேகரன் தண்ணீரில் உட்கார்ந்தபடியே, "வரப்ப வெட்டணுமா? இவன்கிட்ட விடுங்க. பக்கத்து வயக்காரன் வரப்பையே வெட்டுன கை," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

உன் வரப்பை எலி தோண்டிவிட்டது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னேன் அல்லவா? அந்த எலிக்கு இரண்டே கால்தான் மாப்பிள்ளை.

திங்கட்கிழமை விடிந்ததும் அது மண்வெட்டியோடு வயலில் நிற்கும். உன் வரப்பில் செதுக்கிய ஒரு சாண் அகலத்தையும் மண் போட்டு அணைத்துக் கொடுத்துவிடும். நீ கயிறு பிடிக்க மட்டும் வா. பேச வேண்டாம். கோணலாகப் போனால் திட்டினால் போதும்.

இப்படிக்கு,
மலைமேல் நனைந்து கிடக்கும் எலி