ஐன் வராத தொண்டை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. அம்பிட்டிய பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். குடை மறந்தாயிற்று. பேச்சுச் சிகிச்சை கிளினிக்கில் நோயாளிகள் ஒன்பது பேர், பார்க்க நான் ஒருத்தி.

பரீதா, 41, கம்பளை. பக்கவாதம் வந்து எட்டு வாரம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. படம் காட்டினேன்: கோப்பை, சாவி, குடை. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னேன். கிழமைகள் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அலுத்துவிட்டது, அது அவருக்கும் தெரிந்துவிட்டது. வெட்கம்.

அடுத்த திங்கள் பெரிய டொக்டருடன் மீட்டிங். முன்னேற்றம் இல்லாதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போகும். பரீதா பெயருக்கு எதிரே வாரா வாரம் வெறும் கோடுதான்.

போகும்போது கணவர் நிஸாம்: "மிஸ், இவ பதினோரு வருஷமா சின்னப் புள்ளைகளுக்கு ஓதிக் குடுத்தவ. அரபு எழுத்தெல்லாம் தூக்கத்துலயும் செல்லுவா."

இதை இத்தனை நாளாக நான் கேட்கவேயில்லை. பழகின வரிசை சில சமயம் தானாக வாயில் வரும். பேச்சு போனவர் ஒருவர் தேவாரம் பாடியதை நானே கேட்டிருக்கிறேன். பிறகும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூலை 9, புதன்

நிஸாம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, நான் கேட்ட அரபு எழுத்துப் புத்தகத்தைத் தந்தார். பிள்ளைகள் படிப்பது, மூலையெல்லாம் கிழிசல். இருபத்தெட்டு எழுத்து. மற்றவற்றை ஒருமாதிரி சமாளிக்கலாம். ஐன் என்ற எழுத்து மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

கொரிடோரில் நின்று காட்டினார். "தொண்டைக்குள்ள இருந்து வரணும் மிஸ். வாந்தி வார மாதிரி. ஆனா வாந்தி இல்ல."

தாதி ஒருத்தி ஓடி வந்தாள்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி, போயா லீவு. செய்ய வேண்டியவை: துணி, அரிசி, ஐன்.

ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ع ع ع. கண்ணாடியில் பார்த்த 3, கீழே ஒரு வால். சோறு அடிப்பிடித்தது.

மகள்: "என்னாம்மா, தொண்டையில மீன் முள்ளா?"

இவர் தண்ணீரோடு வந்து நிற்கிறார். "டொக்டர்கிட்ட போவோமா?"

இருபத்திரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், "அவசரமில்லை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று. எவ்வளவு எரிச்சலான வார்த்தை. தொண்டை வலி. உப்புத் தண்ணீர்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். புத்தகத்தை விரித்து வரிசையாக வாசித்தேன். ஐன் வந்ததும் பரீதா ஜன்னலை விட்டுத் திரும்பினார். முதன்முதலாக என் வாயைப் பார்த்தார். பாகற்காயைக் கடித்த முகம்.

தாளில் எழுதியும் காட்டினேன், வாலிலிருந்து. பென்சிலைப் பிடுங்கினார். இடது கையால் என்னுடையதை அடித்துவிட்டு, தலையிலிருந்து தொடங்கி எழுதினார். நடுங்கிய கோடு, ஆனாலும் அழகு.

சத்தம் வரவில்லை. நேரம் முடிந்தது. படிவத்தில் பேச்சுக்குத்தான் கட்டம் இருக்கிறது, இதை எங்கே எழுதுவது? மறுபடியும் கோடு.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நனைந்தோம் இருவரும்.

ஜூலை 14, திங்கள்

மழை விட்டிருக்கிறது. தூக்கம் போதவில்லை. மீட்டிங் 11 மணிக்கு, பரீதா 10.20க்கு.

அலிஃபில் தொடங்கினேன். ஐன். தப்பு. இன்னொரு தடவை. தப்பு. மூன்றாவது தடவை இருமல் வந்துவிட்டது. போதும், இன்றோடு விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். புத்தகத்தை மூடப் போனேன்.

"இல்ல."

நிஸாம்தான் சொன்னார் என்று திரும்பினேன். அவர் வாசலில், வாயைப் பொத்திக்கொண்டு.

பரீதா இடது கையை என் தொண்டையில் வைத்தார். நான் நோயாளிகளுக்கு வைப்பேனே, அதே மாதிரி. அழுத்தினார்.

"ஐன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னேன். "இல்ல." சொன்னேன். "இல்ல." விடவில்லை. பதினொரு மணி தாண்டிவிட்டது. பெரிய டொக்டர் ஆள் அனுப்பினார்.

படிவத்தில்: ஒரு எழுத்து, ஒரு சொல். என்னுடைய ஐன் இன்னும் தேறவில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் முதல் பெயராகப் பரீதாவை எழுதிவிட்டு மீட்டிங்குக்குப் போனேன்.