ரூம் வேண்டாம் என்ற மாணிக்கம்

மே 6, சனிக்கிழமை

ராமேஸ்வரத்துக்கு வேன் பேசியதிலிருந்தே எனக்கு மாணிக்கத்தின் மேல் சந்தேகம். ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு, பேக்டரியில் ஒரே செக்‌ஷன். நாலு குடும்பம் போகிறோம். சத்திரத்துக்கு முன்கூட்டியே கார்டு போட்டு ரூம் சொல்லிவிடலாம் என்றாலே பேச்சை மாற்றுகிறான்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே? ஸ்டவ் கீது, பாய் கீது. எங்க இருட்டுதோ அங்க வண்டிய ஓரங்கட்டிப் படுத்துக்கலாம்."

வேன்காரன் அவனுடைய மச்சான். வழியெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்கு எங்களை இழுத்துப் போகத் திட்டமோ என்று நினைத்தேன். இன்று பூந்தமல்லியில் வேனைப் பார்க்கப் போனபோது கேட்டே விட்டேன்.

"உண்மையைச் சொல்லு மாணிக்கம். ரூம்னா ஏன் நழுவுறே?"

வேன் சீட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான். "போன வருசம் ஒரு சத்திரத்துல சொந்த ஊரு, தெரு எல்லாம் எழுதச் சொன்னான். காலனித் தெருன்னு எழுதினேன். படிச்சிட்டு ரூம் காலி இல்லன்னுட்டான். பின்னால வந்தவனுக்குச் சாவி குடுத்தான். புள்ளைங்கள இட்டுகினு பஸ் ஸ்டாண்டுல படுத்தேன். வேன்ல படுத்தா எவனும் தெரு பேரு கேக்க மாட்டான்."

நான் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"நீ எதுனா கார்டு போட்டுட்டியா?" என்றான்.

"இல்லை" என்றேன்.

வியாழக்கிழமையே போட்டுவிட்டேன். சத்திரத்தில் கேட்பார்கள் என்று நாலு குடும்பத்தின் பெயர், சொந்த ஊர், தெரு எல்லாம் என் கையெழுத்தில் போயிருக்கிறது. அவன் ஊர்த் தெருவை அவன் மனைவியிடமே கேட்டு எழுதினேன். பதில் வரும்போது நான் பேக்டரியில் இருப்பேன். எங்கள் வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் எப்போதும் பக்கத்து வீட்டில், மாணிக்கத்தின் மனைவியிடம்தான் கொடுப்பார்.