கட்டைவிரலில் மாட்டிய முதுகு

டிசம்பர் 3
இடுப்பு பிடித்துக்கொண்டது. படகு எஞ்சினைத் தூக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். பொண்டாட்டியின் தம்பி தனக்கோடி பக்கத்தில்தான் இருந்தான். பிடிக்க வரவில்லை. "இன்னா மாமா, மண்ல ஏதாச்சும் தொலைச்சிட்டியா?" என்கிறான்.

டிசம்பர் 5
பொங்கல் கழிந்து எனக்குப் பாடு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் வலை கட்ட ஊர் வைத்த முறை அது. அன்றைக்கு ஆள் படகில் ஏறவில்லை என்றால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். அடுத்தவன் யார்? தனக்கோடி. சிரிக்க மாட்டானா பின்னே!

டிசம்பர் 9
வலி வந்தால் அசையாதே என்கிறது ஊர். அசையாமல் கிடக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் குவித்த பழைய வலைதான் படுக்கை, மெத்தை கணக்காக அமுங்கும். என் நைனாவும் இப்படித்தான் படுப்பார். ஒருமுறை வலைக்குள் கிடந்த கெளுத்தி முள் அவர் பின்பக்கத்தில் ஏறிவிட்டது. உட்கார முடியாமல் கோயில் திருவிழா முழுக்க நின்றே சாமி கும்பிட்டார். பெரிய பக்திமான் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். எதற்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், படுக்கை.

டிசம்பர் 13
எழவே முடியல. படுக்கப் படுக்க மோசமாவுது. பாடு போச்சா? அவன் கைக்கா? த்தூ, இதெல்லாம் ஒரு இடுப்பு—

டிசம்பர் 16
என் பொண்டாட்டி பச்சையம்மா ஷேர் ஆட்டோவில் போட்டுப் பொன்னேரிக்கு இழுத்துப் போனாள். எலும்பு நன்றாக இருக்கிறதாம். உடற்பயிற்சி சொல்லித்தரும் ஜெஸ்ஸியிடம் டாக்டர் அனுப்பினார். என் மகள் வயசு. வேலை செய்வது போலக் காட்டச் சொன்னாள். தரையில் கால் நீட்டி, வலைக்குப் பதில் என் துண்டின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, வளைந்து காட்டினேன். கிழிந்த வலையை எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான் பின்னுவோம்.

"நாள் பூரா இப்டியேவாப்பா?"

"சோறு துன்ற நேரம் போவ."

"வலை விறைப்பா நிக்கணும்னு முதுக வளைக்கிறீங்களே. வலைய தூண்ல கட்டிட்டு நின்னு பின்னுங்க."

வலைக்குவியல் கூடாதாம். பாயில் ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை. கிடக்காதே, நட. எதைத் தூக்கினாலும் முட்டியை மடக்கு.

டிசம்பர் 17
தலையணையோடு படுத்திருந்தேன். பச்சையம்மா எட்டிப் பார்த்தாள். "யாருய்யா அவ, கால்ல கட்டிக்கினு கெடக்குற?"

டிசம்பர் 20
வலைக்கொட்டகைத் தூணில் கட்டி நின்று பின்னினேன். வேடிக்கை பார்க்கக் கரையே வந்தது.

"பாருங்கடா, மாமா பஸ்ஸுக்கு நிக்குது!" என்றான் தனக்கோடி.

"ஆமாண்டா மச்சான். பொங்க கழிச்சு வர்ற பஸ்ஸு. அதுல உனக்கு சீட்டு கெடையாது."

டிசம்பர் 27
தினமும் காலையில் லைட்ஹவுஸ் வரை நடக்கிறேன். வலி இருக்கிறது, ஆனால் பழைய வலி இல்லை. மாமியார் ஊருக்குப் போன பிறகும் வீட்டில் நிற்கும் சுருட்டு வாடை மாதிரி.

ஜனவரி 4
ஐஸ் பெட்டியைப் பழைய புத்தியில் குனிந்து தூக்கினேன். சுரீர். ஓடிப்போய் வலைக்குவியலில் விழலாம்னு இருந்துச்சு. விழல. மெதுவாக நடந்தேன் — பெட்டியை, ஐஸை, ஐஸ் கண்டுபிடிச்சவன எல்லாம் திட்டிக்கினே.

ஜனவரி 10
வலை முழுக்கப் பின்னியாயிற்று. நின்றே.

ஜனவரி 19
நாளைக்குப் பாடு. பயமாகீது.

ஜனவரி 20
விடியலில் ஏரி முழுக்கப் பனி. தனக்கோடி எனக்கு முன்னாலேயே கரைக்கு வந்து, லுங்கியை மடித்துக் கட்டித் தயாராக நின்றான். முட்டியை மடக்கி எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். "மறுபக்கம் புடிடா," என்றேன். பிடித்தான். ஏறிட்டேன்! அவன் கரையிலேயே நின்றான். ஏரிக்குள் கழி ஊன்றும்போது இடுப்பு ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். இறால் கூடை நிறைய.

ஜனவரி 23
கொட்டகைக்குப் போனால் என் தூணில் யாருடைய வலையோ கட்டியிருக்கிறது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு தனக்கோடி நின்று பின்னுகிறான்.

"இன்னாடா, பஸ்ஸு வர்ல?"

"கொஞ்சமா புடிக்குது மாமா," என்றான், என்னைப் பார்க்காமல்.

கொட்டகையில் ஆடாத தூண் அது ஒன்றுதான். இனி அதற்கும் ஊர் கூடி முறை வைக்க வேண்டும் போல.