ஒரு கோடும் மூன்று புள்ளியும்

என் வள்ளிக்கண்ணுவுக்கு,

நான் உங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை. ஆவுடையார்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு ஒன்றரை மைல் நடை. கரையில் நிற்கிற நாவல் மரத்தைக் காட்டுகிறேன், எங்க ஊருக்கு வா, என்று ஹாஸ்டலில் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய். மரம் அப்படியே நிற்கிறது. இன்னும் காய் பிடிக்கவில்லை.

எனக்குப் பதினேழு வயதாகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இலுப்பூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். நீ பதிமூன்றிலேயே நிற்கிறாய். மூன்று மாதம் மூத்தவள் என்று சொல்லி என்னை எத்தனை வேலை வாங்கினாய். இனிமேல் உன்னை அக்கா என்று கூப்பிடலாமா, கூடாதா? இதை யாரிடம் கேட்பது?

நம்மோடு படித்தவர்களும் பார்க்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. வருகை எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பதையே எனக்கும் சேர்த்து நீதானே சொல்வாய்.

நீயாகக் கிணற்றில் விழுந்துவிட்டாய் என்றுதான் இன்றுவரை எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உன் கதை நோட்டு.

ராஜா காலத்துப் பழைய கட்டடம் நம் ஹாஸ்டல். பின்பக்கத்துப் புளியமரத்தடியில் சாயங்காலம் நீ நோட்டைப் பிரித்தால் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். "விடுதி மர்மம்" என்று நீயே பெயர் வைத்தாய். ஒரு விடுதி. அங்கே மல்லிகா என்று ஒருத்தி கிணற்றில் செத்துக் கிடப்பாள். "விடியும்போது நான் இந்த உலகத்தில் இருக்க மாட்டேன், யாரும் என்னைத் தேட வேண்டாம்" என்று அவள் எழுதிய கடிதம் கிடைக்கும். துப்புக் கண்டுபிடிக்கிறவள் பேசவே பயப்படுகிற ஒரு பெண். அவளுக்கு என் பெயரை வைத்து எல்லாரையும் சிரிக்க வைத்தாய்.

அந்தக் கடிதம் மல்லிகா எழுதியது இல்லை, கொன்றவர் எழுதி வைத்தது என்று எனக்கு மட்டும் முன்னாலேயே சொல்லியிருந்தாய்.

"அப்பக் கொன்னது யாருடி?"

"கடேசிப் பக்கத்துல."

"என்கிட்ட மட்டும் சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒங்கிட்டச் சொன்னா என்ன, செவுத்துகிட்டச் சொன்னா என்ன? ரெண்டும் வாயத் தொறக்காது. அதுனாலயே சொல்ல மாட்டேன் போ."

அந்த வருஷம் புரட்டாசியில் நான் பெரியவளானேன். இதை அச்சில் எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் உனக்கு நியாயம் கிடைக்காது.

ஹாஸ்டலில் ஒருத்தி பெரியவளானால் மறுநாளே ஊரிலிருந்து மாட்டுவண்டி வரும். தகரப் பெட்டியை ஏற்றுவார்கள். அதன்பிறகு அவள் திரும்ப மாட்டாள். நம் கண் முன்னாலேயே மூன்று பேர் அப்படிப் போனார்கள். எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. விறகு அடுக்கிய அறைக்குப் பின்னால் நின்று நான் அழுதபோது நீ என் வாயைப் பொத்தினாய்.

"அழுவாத. யாருக்குத் தெரியும்? ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பரிச்சை முடியட்டும். அப்புறம் வண்டி வந்தா வரட்டும்."

கறைபட்ட பாவாடையைத் துணி வெளுக்கிற முத்தாயி அக்காவிடம் போட முடியாது. வாசல் கிணற்றிலும் துவைக்க முடியாது. அதனால் வெளிச்சம் வருவதற்கு முன்னால் தோட்டத்துப் படிக்கிணற்றுக்கு நீ எடுத்துக்கொண்டு போனாய். நான் போகிறேன் என்றதற்கு, "நீ போனா ஒரு தவளை குதிச்சாக் கத்துவ. ஊரே வந்துரும்" என்றாய். இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் ஓடியது. மூன்றாவது மாதம் கார்த்திகை. இரவெல்லாம் மழை பெய்திருந்தது.

எனக்கு விழிப்பு வந்தபோது பாயில் உன் பக்கம் காலியாக இருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பாவாடையும் இல்லை. வந்துவிடுவாய் என்று திரும்பிப் படுத்தேன். அப்போதே எழுந்து வந்திருந்தால்? படியில் அவ்வளவு பாசி இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால்?

விடிந்து உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது, கிணற்றங்கரைக் கல்லின் மேல் பிழிந்து வைத்த பச்சைப் பாவாடை இருந்தது. ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஒரே பச்சை, ஒருவருக்கு இரண்டு பாவாடை. நீ உடுத்தியிருந்தது ஒன்று, உன் பெட்டியில் இருந்தது ஒன்று, கல்லின் மேல் ஒன்று. ஆக மூன்று. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. உன் கதையில் துப்புக் கண்டுபிடிக்கிறவள் எண்ணியிருப்பாள்.

வார்டனம்மா உன் நோட்டைப் புரட்டி, மல்லிகாவின் கடிதம் இருந்த பக்கத்தைக் கண்டார். அது உன் கையெழுத்துதானே. அந்த ஒரு பக்கத்தை மட்டும் உன்னைப் பெற்ற அய்யாவுக்குப் படித்துக் காட்டினார்கள். எங்களை வரிசையாக உட்கார வைத்து, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சில பேர் அது கதை என்று சொல்லத்தான் செய்தார்கள். "அப்ப அவ்வளவு வெள்ளன அவளுக்குக் கெணத்துல என்ன வேலை?" என்று வார்டனம்மா கேட்டார். அதற்கு என்னிடம் மட்டும்தான் பதில் இருந்தது. என் முறை வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். இவள் எப்போதும் இப்படித்தான் என்று அடுத்தவளிடம் போய்விட்டார்கள்.

பயந்துபோன பெற்றவர்கள் எல்லாரும் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். என்னையும்தான். அடுத்த மாதம் வீட்டில் வைத்து, இன்றைக்குத்தான் பெரியவளானேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பந்தல் போட்டுச் சடங்கு செய்தார்கள். அந்த நாளையும் நேரத்தையும் வைத்து எனக்கு ருது ஜாதகம் எழுதினார்கள். நாள் பொய், நேரம் பொய். அந்த ஜாதகத்தைக் காட்டித்தான் இந்தத் தை மாதம் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். படிப்பும் நின்றுவிட்டது. எதற்காக நீ அந்தப் படியில் இறங்கினாயோ, அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படியே இருந்திருப்பேன். மாசி மாதம் இலுப்பூர்ச் சந்தையில் முத்தாயி அக்கா என் கையைப் பிடித்தார்.

"கத்திரிக்குறிக்காரி தான நீ?"

அவருக்கு நம் பெயர்கள் தெரியாது. குறிதான் தெரியும். ஒரே மாதிரித் துணி மாறிவிடக் கூடாது என்று பாவாடை இடுப்புப் பட்டியின் உள்பக்கம் சேங்கொட்டை மையால் அவர் போட்ட குறி. உனக்கு ஒரு கோடு, அதன் கீழே மூன்று புள்ளி. எனக்குக் கத்திரி போல இரண்டு கோடு.

"அன்னைக்குக் கல்லு மேல இருந்த துணிய மடிச்சுப் பொட்டியில வச்சதே நான்தான். அது ஒங் குறி."

"தெரிஞ்சுமா அக்கா நீங்க சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா? பெரியவுக கூடி நிக்கிற எடத்துல நான் எங்கிட்டுப் போயி வாயத் தொறக்குறது. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு இருந்தேன் ஆயி."

அவர் தங்கையை உங்கள் ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த வழியாகத்தான் இன்னொன்றும் தெரிந்தது. நம் பக்கம் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஆடி பிறந்தால் புது ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டை வைத்து அவளுக்குப் படைப்பார்கள். உனக்கு இன்னும் ஒரு ஆடிகூடப் படைக்கவில்லையாம். "பெத்தவுகள வேண்டாம்னு தானாப் போனவளுக்குப் படையல் எதுக்கு" என்று உங்கள் அய்யா சொல்லிவிட்டாராம்.

இரண்டு வாரம் என் பழைய பாவாடையை எடுத்துக் குறியைப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். பிறகு அம்மா மாவு இடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உலக்கையைச் சுவரில் சாத்தினார்.

"இத்தன வருசமா வாயில கொழுக்கட்டையாடி வச்சிருந்த?"

கொஞ்ச நேரம் திட்டினார். மாவைச் சலித்து முடித்ததும், "சாதகம் போனாப் போகுது. அந்தப் பொம்பள பெத்த வயிறு என்ன பாடு படும். வெள்ளிக்கெழம கெளம்புவோம்" என்றார்.

உங்கள் ஆத்தா உன்னை மாதிரியேதான் இருக்கிறார். கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறதுகூட. "ஹாஸ்டல் புள்ளையா? வாங்க, உள்ள வாங்க" என்று தண்ணீர் கொடுத்தார். என் பெயரைச் சொன்னதும், "பேசாத புள்ளன்னு சொல்லுவாளே, அதா நீ?" என்றார். அங்கேயே நான் திரும்பி ஓடியிருப்பேன். அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

உன் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஆத்தா அதை இறக்கி வைத்தார். உள்ளே ஒரு பச்சைப் பாவாடைதான் இருந்தது. "இன்னொண்ணு?" என்றேன். அவர் தம் தலைமாட்டிலிருந்து எடுத்து வந்தார். நான்காய் மடித்து, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. கடைசியாக நீ தொட்ட துணி என்று தனியாக வைத்திருக்கிறார்.

பெட்டியில் இருந்ததன் பட்டியைத் திருப்பிக் காட்டினேன். ஒரு கோடு, மூன்று புள்ளி. தலைமாட்டுப் பாவாடையைத் திருப்பினேன். கத்திரி. வீட்டிலிருந்து கொண்டு போன என் பழைய பாவாடையைப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் கத்திரி.

ஆத்தா மூன்றையும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் ஒம் பாவாடையவா நான் மோந்து பாத்து அழுதேன்?"

"ஆமா ஆத்தா."

என் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆத்தா கையைக் காட்டி நிறுத்தினார். "ஒந் துணிய அவ எதுக்குத் தொவைக்கப் போனா?"

வெளியே உங்கள் அய்யா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். நான் பெரியவளானது, வண்டிக்குப் பயந்தது, நீ மறைத்தது, மழை, பாசி. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. சொல்லி முடித்தபோது வெளியே கயிறு திரிக்கிற சத்தம் நின்றிருந்தது.

அய்யா நிலைப்படியில் வந்து நின்றார். "அப்ப அவ எழுதி வச்ச காயிதம்?"

"அது கதை அய்யா. நோட்டு இருந்தாக் குடுங்க. முழுசாப் படிக்கிறேன்."

ஓட்டுச் சந்தில் செருகியிருந்த நோட்டை அவர் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு யாரும் அதைப் பிரிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தேன், வள்ளிக்கண்ணு. நாலு பேர் முன்னால், நான். வார்டனம்மா முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டுக் கொலைகாரனே இடிதான் விழுகிறது என்று ஓடுகிறானே, அந்த இடத்தில் ஆத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அழுதார். மல்லிகாவின் கடிதம் வந்த இடத்தில் நான் நிறுத்தி, "இது அவ எழுதுனது இல்ல, கொன்னவுக எழுதி வச்சது. அடுத்த பாகத்துல அதச் சொல்லுறதா இருந்தா" என்றேன்.

அய்யா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல தாயி."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

புறப்படும்போது ஆத்தா வாசல் வரைக்கும் வந்தார். என் பாவாடையைத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. "அது இருக்கட்டும். அவ தொவைச்சதுதான" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆடி பொறக்கவும் வா. புள்ளைக்குப் படைக்கணும், அய்யாவும் சரின்னுட்டாக. பாவாடை நீதான் எடுத்தாரணும். பச்சை வேண்டாம், ரோசாக் கலர்ல எடு."

"அளவு, ஆத்தா?"

"ஒனக்கு எடுக்குற அளவுக்கே எடு. இருந்தா இந்நேரம் ஒன் ஒசரம்தான் இருப்பா."

மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். உன் நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கடைசியில் பன்னிரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஆடிக்கு வரும்போது மிச்சக் கதையையும் படி என்கிறார் ஆத்தா. கொன்றது யார், வள்ளிக்கண்ணு? சாயங்காலங்களில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலாவது நீ துப்பு விட்டுப் போயிருக்கிறாயா என்று தேடுகிறேன். உன் எழுத்தின் மேல் விரல் வைத்தால் இன்னும் அழுத்தம் தெரிகிறது.

ஆடி முதல் வெள்ளிக்கு வருவேன். ரோஜா நிறத்தில், என் உயரத்துக்கு, புதுப் பாவாடை. முத்தாயி அக்காவிடம் கொடுத்து இடுப்புப் பட்டியின் உள்பக்கம் குறி போட்டு வாங்கி வருவேன். ஒரு கோடு, அதன் கீழே மூன்று புள்ளி. இந்த முறை யாருடையது என்று யார் கேட்டாலும் நானே சொல்வேன்.

ஒரே பாயில் படுத்த உன் தங்கச்சி,
அஞ்சலை