பெரட்டில் நான் வாசித்த தாள்

வட்டவளை, செவ்வாய்க்கிழமை.

உலகச் சந்தையில் நம் தேயிலை போட்டியிட, மலையைப் பங்கு பிரித்துத் தொழிலாளர் பொறுப்பில் விடப்போகிறதாம் தோட்டக் கம்பெனி. கொழும்பு அதிகாரி கொண்டுவந்த அறிவிப்பு முழுக்க எழுத்துப்பிழை. நானே திருத்தி, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் கூடிய பெண்களுக்கு வாசித்தேன்.

கொழுந்தெடுக்கும் செல்வமணி கேட்டாள்: "நல்லா வாசிச்சீங்க டீச்சர். செக்ரோல் பேர்ப்பதிவுல எங்க பேரு நிக்குமா, இல்ல நிரந்தர வேலையே போயிருமா?"

தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அத்தனை பிழை பிடித்த என் கண்ணில் அந்தக் குறை படவில்லை.

"இப்ப அதைச் சொல்ல வேணாம் டீச்சர், குழம்பிருவாங்க" என்று அதிகாரி காதோடு சொன்னார்.

"பிறகு சொல்வார்கள்" என்றேன் செல்வமணியிடம்.

பெண்கள் வரிசையில் நின்று, சம்மதம் என்று தாளின் அடியில் கையெழுத்திட்டார்கள். பாதிப் பேர் என்னிடம் எழுதப் பழகியவர்கள். ஒருத்தியும் மறுபடி கேட்கவில்லை.