ஆள் பட்டியலில் இரண்டு பேர்

மார்ச் 4

அன்புள்ள எஜமானியம்மாளுக்கு,

உன் கோபம் ஆறும்வரை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ உயிரோடு இருப்பதாக நீயே கைப்பட எழுதித் தந்தால்தான் நம் பாய்மரப் படகை இங்கிருந்து விடுவார்களாம்.

தப்பு என்னுடையது. போன துறைமுகத்தில் நீ பெட்டியோடு இறங்கிய அன்றே ஆள் பட்டியலில் உன் பெயரை அடித்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். கை வரவில்லை. இங்கே குடியேற்ற அதிகாரி பட்டியலைப் பார்த்தார், படகை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கு. இன்னொருத்தர் எங்க சார்?"

"கோவிச்சுக்கிட்டு எறங்கிட்டா சார்."

"எறங்கினாங்களா, நீங்க எறக்கிட்டீங்களா?"

அவர் பார்வை கடல் பக்கம் போனது. அன்றிலிருந்து எனக்குக் கொலைகார மரியாதை.

இங்கே டேங்கில் இருக்கும் டீசலுக்குக் கேள்வியில்லை. கேனில் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். உன் கட்டிலடியில் இருந்த ஆறு கேனையும் எழுதிக் கொடுத்தேன். சுங்கத்தார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

படிவம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். 'நிரந்தரமாக இறங்கியவர்', 'திரும்ப ஏறுபவர்' என்று இரண்டு கட்டம். எதில் டிக் போடுவாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதிகாரிதான் கேட்கிறார்.

இப்படிக்கு,
இன்றைய நிலவரப்படி உன் கேப்டன்

மார்ச் 11

கேப்டன் அவர்களுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். அக்கா வீட்டில், ஆடாத கட்டிலில் தூங்கி, ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறேன். பாஸ்போர்ட் நகல் இதோடு இருக்கிறது, காட்டித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டிலில் எட்டு மாதம் தலைவலியோடு படுத்தேன். "கடல் காத்து ஒத்துக்கல"ன்னீங்க. நான் இறங்கியது டீசல் வாடைக்காக இல்லை. கேனே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களே, அதற்காக.

படிவத்தைப் பார்த்த அக்கா, "முதல் கட்டத்துல போடுடி, விட்டது சனி" என்றாள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். யாரும் சோதனை போடவில்லை. நீங்களாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இருபத்தாறு வருஷத்தில் நீங்களாக ஒப்புக்கொண்ட முதல் குற்றம்.

இரண்டாவது கட்டம். புதன்கிழமை வருகிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 15

என் கண்ணே,

"வராங்களா சார்?" என்றார் அதிகாரி. "வரா சார்" என்றேன். முத்திரையை ஒரே குத்தாகக் குத்தினார். எனக்குத்தான் மூச்சு வந்தது.

உன் கட்டிலை மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். இன்று மத்தியானம் நானே படுத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வாடை இருக்கிறது.

உன்,
அவன்