இது மக்ரூன் அல்ல

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் டப்ளின் குளிருக்கும் ஓயாத மழைக்கும் தப்பி நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், அப்பாவும் சுகம், கடைதான் சுகமில்லை. இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறக்கும் முன் "ஆல் ஓகே" என்று அவரே ரிப்போர்ட் கொடுத்துவிடுகிறார். அதனால் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதி, உனக்கு அனுப்பும் நார்த்தங்காய் ஊறுகாய்ப் பார்சலுக்குள் வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டு வாசி.

நீ போன பிறகுதான் அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தார், அதனால் பல கூத்துகள் உனக்குத் தெரியாது. வந்த புதிதில் வீட்டையே முகாமாக்கினார். பால்காரர் வருகிற நேரத்தை ஒரு அட்டையில் குறித்து, தாமதத்துக்கு விளக்கம் கேட்டார். பால்காரர் மாட்டிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான், அடுத்த தெருவோடு நின்றுவிட்டார். சுபேதாராக இருந்தவருக்குத் துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் காவல் அதிகாரி வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆயுசில் பாதி கேட்டில் நின்றாயிற்று, இனி உட்கார வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஓய்வு பெறுவதற்கு முன் புனேயில் அவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள், வெளியே போய் எப்படிப் பிழைப்பது என்று. அங்கே ஒரு பெங்களூரு கம்பெனி ஸ்டால் போட்டிருந்ததாம். முன்னாள் ராணுவ வீரர் என்றால் முன்பணத்தில் சலுகை, கடைப் பலகையின் ஓரத்தில் மூவர்ணப் பட்டை இலவசம், பாதி யுத்தத்தை நீங்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டீர்கள் சார் என்று டை கட்டிய ஒரு தம்பி சொன்னானாம். மீதிப் பாதியை யாரோடு போட வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து மக்ரூன் கடை என்று மட்டும் சொன்னார். நம் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் போதுமே, நான் சந்தோஷப்பட்டேன். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்து, கூம்பு கூம்பாக, வாயில் போட்டதும் கரைகிற மக்ரூனை வாங்காமல் யார் இந்த ஊரிலிருந்து ரயில் ஏறுகிறார்கள்? இத்தனை நாள் பேக்கரிக்காரர்கள் காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்ததை ஏசி போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க ஒரு கம்பெனி வந்திருக்கிறது என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஸ்டாலில் சாம்பிள் வைத்திருந்தார்களாம், வரிசையில் முன்னால் நின்ற பெரிய அதிகாரிகள் அதைத் தீர்த்துவிட்டதால் அப்பாவுக்கு விளம்பரத் தாள்தான் கிடைத்தது. அதில் கலர் கலராக வட்டமாக ஏதோ இருந்ததை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார். சரக்கு பெங்களூரிலிருந்து செய்தே வரும் என்பதால் கொடுத்த பயிற்சியும் எப்படிச் சிரிப்பது, எப்படி வரவேற்பது என்பதில்தான். ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் ஒரு 'ஓ' குறைவாக இருந்ததை அவர் கவனித்தார். வடக்கே போய்ப் படித்தவர்கள் ஸ்பெல்லிங் அப்படித்தான் இருக்கும் என்று பெரிய மனதோடு மன்னித்துவிட்டார். உன் அம்மா கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். சரக்கின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கன்டெய்னர் துறைமுகத்தை விட்டு நகராது, அந்த எழுத்தைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை மட்டும் அவர் என்னிடம் காட்டவில்லை, இது ஆண்கள் பார்க்கிற காரியம் என்பதுபோல் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

திறப்பு விழா படங்களைப் பார்த்து நீ லைக் போட்டிருந்தாய். படத்தில் வராததைச் சொல்கிறேன். நம் சர்ச் ஐயர் ஜெபம் பண்ணி முடித்தார், ரிப்பன் வெட்டினார்கள், அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே ரோஸ், பச்சை, கத்தரிப்பூ நிறத்தில், நடுவில் கிரீம் வைத்து ஒட்டிய வட்ட வட்டப் பலகாரம். பாட்டுப் பாட வந்த சபை ஜனம் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தது. கடைசியில் உன் ஞானையா பெரியப்பாதான் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே வேதமணி, மக்ரூனுக்கு எதுக்குல பெயின்ட் அடிச்சிருக்க? அதுவும் ரெண்ட ஒட்டி வச்சிருக்கானுவ, பிரிச்சு வித்தா ரெட்டிப்பு லாபம்லா" என்றார். அப்பா முகம் மாறவில்லை. "புது டிசைன்ணே" என்றார். அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் போட்டோவுக்குச் சிரித்தோம். நீ லைக் போட்டது அந்தப் படத்துக்குத்தான்.

அது பிரெஞ்சுக்காரர்களின் பலகாரமாம், மக்கரோன் என்று பெயராம். ருசியைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மக்ரூனைக் கேட்டு வந்தவன் வாயில் அது எப்படி ருசிக்கும்? லாரிக்காரர்கள் வந்து கால் கிலோ மக்ரூன் கேட்பார்கள். எடை போட மாட்டோம், எண்ணித்தான் தருவோம் என்பார் அப்பா. ஒரு அம்மா முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிறது, மருமகள் வீட்டுக்கு அரைக் கிலோ போடுங்க அண்ணாச்சி என்று நின்றார். அப்பா அவரை உட்கார வைத்துப் பிரான்ஸ் தேசத்தைப் பற்றி விளக்கினார். அவர் ரயிலைப் பிடித்தாரா என்று தெரியவில்லை. கவுன்டரில் நிற்கிற பேச்சிச்செல்விக்குக் கம்பெனி சொன்ன வரவேற்பு வாசகம் வேறு, ஆங்கிலத்தில் அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர்கள் பக்கத்து டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பார்கள். விளக்கிச் சலித்துப்போய் அப்பா வாசலில் ஒரு பலகை வைத்தார், கொட்டை எழுத்தில், 'இது மக்ரூன் அல்ல'. ஒரு கடைக்காரர் தன்னிடம் என்ன இல்லை என்று செலவு பண்ணிப் பலகை வைத்தது இந்த ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆட்டோக்காரர்கள் இப்போது அந்த இடத்துக்கே 'அல்ல கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அல்ல கடைக்கு இந்தப் பக்கமா, தாண்டியா என்று என்னிடமே கேட்டார் ஒருவர். தாண்டி என்றேன்.

இதுவரை சிரிக்கலாம். போன மாதம் கம்பெனியிலிருந்து ஏரியா மேனேஜர் என்று ஒருவன் வந்தான், உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன். ஒரு கடை ஓடவில்லை என்றால் ஒரே கடை இருப்பதுதான் காரணம், இரண்டாவதைத் திறந்தால் இரண்டும் ஓடும் என்று லேப்டாப்பில் அம்புக்குறி போட்டுக் காட்டினான். இடமும் அவனே பார்த்திருந்தான், திருச்செந்தூரில். விரதமிருந்து பாதயாத்திரை வருகிறவர்களுக்கு முட்டைப் பலகாரம் விற்க வேண்டுமாம். நீங்கள் பின்வாங்குகிற ஆள் இல்லை சார் என்றான். அந்த ஒரு வரிக்கு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் மேசையில் காகிதம் வைத்தார். சாத்தான்குளத்தில் என் அப்பா எனக்கு எழுதி வைத்த வீட்டை பேங்கில் அடமானம் வைக்க வேண்டும், இங்கன ஒரு கையெழுத்துப் போடு என்றார். அது வாடகை வருகிற வீடு மட்டும் இல்லை, எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் போய் ஒதுங்க இருக்கிற ஒரே கூரை, உனக்கே தெரியும்.

செல்வின், நான் உன் அப்பாவோடு சண்டை போட்டதே இல்லை. குணத்தால் அல்ல. லீவில் வருகிற மனுஷனோடு யாருக்குச் சண்டை போட மனசு வரும்? வந்து இறங்கும்போதே திரும்புகிற டிக்கெட் அவர் பையில் இருக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் அடுத்த லீவுக்குத் தள்ளித் தள்ளி, வீட்டு முடிவுகளை நானே எடுத்துப் பழகிவிட்டேன், அவரும் தான் எடுத்ததாகவே நினைத்துப் பழகிவிட்டார். இப்போது லீவு முடியவே மாட்டேன் என்கிறது. போட மாட்டேன் என்றேன். ஏன் என்றார். கடையை மூடிவிடலாம், இல்லாவிட்டால் வீடும் சேர்ந்து போகும் என்றேன். கைப்பற்றிய போஸ்ட்டை விட்டு ஓடி வந்தவன் என்று ஊர் பேசாதா என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இது போஸ்ட் இல்லீங்க, பலகாரக் கடை. விட்டுட்டு வந்தா யாரும் சுட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அவர் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்த் தன்னுடைய ஷூ, என்னுடைய செருப்பு எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் செருப்பு மட்டும்தான் பளபளத்தது.

நேற்று மதியம் ஆபீஸ் வாசல் பெஞ்சில், லாரிக்காரர்களுக்கு நடுவே, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஃபைலுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் முதலாளி, செக்யூரிட்டி வேலைக்கு வந்தவர் என்று நினைத்துக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார், அவரும் காத்திருந்தார். நான் சாப்பாட்டுக்கு வெளியே வந்ததும் ஃபைலை நீட்டினார். பழைய ஒப்பந்தம், புதிய ஒப்பந்தம் இரண்டும் இருந்தன. "இத நீ வாசி ஜெயா. நான் வாசிச்சா எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது" என்றார். நான் சோற்றை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாம் பட்டப்பகலில் எழுதியிருந்தது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம், கொடுத்த முன்பணம் திரும்பாது. முன்பணம் போகட்டும், வீடு இருக்கிறது என்றேன். அந்த பெஞ்சிலேயே விலகல் கடிதம் எழுதினோம். பாதகமான சூழ்நிலையில் படையைப் பத்திரமாகத் திருப்பி அழைத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார், நான் 'கடையை மூடுகிறேன்' என்று திருத்தினேன். அவர் படை என்றது பேச்சிச்செல்வியை. இன்று காலையே அவளை ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போய், ஒழுக்கம், நேரந்தவறாமை என்று தன் கையால் நற்சான்று எழுதிக் கொடுத்து வேலையில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஒன்றுதான் பாக்கி. கடிதத்தை ஒட்டும்போது, "தோத்துட்டேன்னு பையன்ட்ட எப்படிளா சொல்ல?" என்று கேட்டார். நீ சிறு பிள்ளையில் யூனிபார்ம் போட்டோவைத்தான் அப்பா என்று முத்தமிட்டு வளர்ந்தவன், அது அவருக்கு மறக்கவில்லை. நான் சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம், நானே சொல்கிறேன் என்றார். பார்சல் வந்து சேர்ந்த பிறகும் வாரா வாரம் ஆல் ஓகே என்றுதான் ஆரம்பிப்பார். நீ அவசரப்படுத்தாதே. சொல்கிற அன்றைக்கு ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டுக்கொள், ஆறுதல் சொல்லாதே, அதை அவரால் தாங்க முடியாது. போன செமஸ்டரில் ஒரு பேப்பரில் பெயிலானதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டாயே, நான் இதுவரை சொல்லவில்லை. அவர் தன்னுடையதைச் சொல்லி முடித்ததும் நீ உன்னுடையதைச் சொல். நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடாதே. இதை வாசித்ததும் கிழித்துவிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா,
வே. ஜெயஷீலா